அடுப்படியில் ஒரு மழைக்காடு

ஓய்வு பெற்ற அன்றே சபதம் எடுத்தேன். செத்தாலும் சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அதை உடைக்க என் மனைவி செய்யாத தந்திரமில்லை. நான் மலை. அசையவில்லை.

அப்போதுதான் நண்பர் ஒருவர் கொக்கோக் காய் கொடுத்தார். மழைக்காட்டு மரம். கிளையை நம்பாமல் அடிமரத்திலேயே காய்க்கும் பிறவி. வீட்டில் வளர்த்தால் உட்கார்ந்தபடியே சாக்லேட் பறிக்கலாமே! விதைகளைக் கழுவி, கடித்தால் பல் தெறிக்கிற அளவுக்கு வெயிலில் காயவைத்தேன். தொட்டியில் ஊன்றினேன். தொட்டி என்னைப் பார்த்தது. நான் தொட்டியைப் பார்த்தேன். வேறொன்றும் நடக்கவில்லை.

ரோஜாக் கன்று வாங்க நர்சரிக்குப் போய்வந்த மனைவி, என்றுமில்லாத அக்கறையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“காட்டு மரமில்லீங்களா? சூடும் ஈரமும் வேணும். அடுப்புக்குப் பக்கத்துல வச்சு, ஆவி காட்டுங்க.”

“ஆவிக்கு எங்கே போறது?”

“தண்ணியக் கொதிக்க வைங்க. சும்மா கொதிச்சா கேஸ் வீண். ரெண்டு கிழங்கப் போட்டுடுங்க.”

போட்டேன். மறுநாள் பருப்பு. அப்புறம் காய்கறி. காற்றில் ஈரம் போதவில்லை என்றாள், தரையைத் துடைத்தேன். பாத்திரம் கழுவினால் ஈரம் இன்னும் கூடும் என்றாள், கழுவினேன். என் மூக்குக் கண்ணாடியில் அடைமழை. காதோரம் பாசி படர்ந்ததாகவே நினைவு. அவள் கூடத்தில் கால் நீட்டி டிவி பார்த்தபடி, “முளைச்சுதா?” என்று மட்டும் குரல் கொடுப்பாள்.

முளைக்கவில்லை. பொறுமை போய், தொட்டியோடு நர்சரிக்கு ஓடினேன். நர்சரிக்காரர் ஒரு விதையைத் தோண்டியெடுத்து நசுக்கினார்.

“காயவச்சுட்டீங்களே சார். கொக்கோ விதைய ஈரத்தோட நடணும். காஞ்சா செத்துடும். அம்மா வந்தப்பவே சொன்னேனே.”

வீட்டுக்கு வந்து தாம்தூம் என்று குதித்தேன். பிணத்துக்கா இத்தனை நாள் ஆவி காட்டினேன்? ஏன் மறைத்தாய்?

அவள் பதறவில்லை. பையிலிருந்து இன்னொரு கொக்கோக் காயை எடுத்து நீட்டினாள்.

“உங்க மனசு உடைஞ்சிடுமேன்னுதான். இது புதுசு. காயவைக்காம நடுங்க, கட்டாயம் முளைக்குமாம். காய்க்கத்தான் வருஷக்கணக்கா ஆகுமாம். அதுவரைக்கும் ஆவி மட்டும் நிக்காம பாத்துக்குங்க.”

முளைத்துவிட்டது. அடுப்பில் இப்போது அவரைக்காய் வேகிறது.