கழற்றிய மோட்டாரும் கர்த்தருடைய சித்தமும்

மிகுந்த அன்புக்கும் அதைவிடச் சற்றுக் கூடுதலான பயத்துக்கும் உரிய போதகர் அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் மனைவியும் மகளும் சுகம். ஊரிலுள்ள வாஷிங் மெஷின்கள்தான் சுகமில்லை. அவை சுகமாக இருந்தால் நாங்கள் சுகமாக இருக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

நிற்க. போன தடவை எங்கள் சபைக்கு வந்து பிரசங்கம் பண்ணினீர்களே, அதில் ஆரம்பித்தது வினை. தேவசித்தத்தின்படி ஜெபிக்க வேண்டும், நம் ஆசைக்கு ஆண்டவரைக் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது என்றீர்கள். பாதிப் பேர் ஜெபம் பண்ணுவதில்லை, ஆண்டவருக்கு வேலை ஏவுகிறார்கள் என்று சொல்லும்போது சபை முழுவதையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நானும் ரோஷக்காரன். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் கடைசியில் ‘உமக்குச் சித்தமானால்’ என்று சேர்த்துவிடுகிறேன். ரிப்பேர் ரசீதின் அடியில் ‘உத்தரவாதம் கிடையாது’ என்று அச்சடித்திருக்கிறேனே, அது மாதிரி.

எங்கள் வீட்டுச் சாயங்கால ஜெபம் எப்படி என்று உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று பேரும் கண்ணை மூடி உட்கார்ந்து ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்போம். ஒருவர் ஆமென் சொல்லும்வரை மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. இந்தச் சட்டம் இருப்பதால் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் நாங்கள் ஆண்டவர் மூலமாகத்தான் சொல்லி அனுப்புவது வழக்கம். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறவருக்கு நல்ல புத்தியைத் தாரும் என்று உங்கள் தங்கச்சி பல வருஷமாக மன்றாடி வருகிறாள். இது இப்படி இருக்க, உங்கள் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, வேலை கிடைத்தது. பாலம் கட்டும் கம்பெனி. வேலை நடக்கும் இடம் எங்கேயோ கண்காணாத ஆற்றங்கரையில். அவள் அன்றைக்கே மஞ்சள் ஹெல்மெட் ஒன்று வாங்கி வந்து, நான் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டாள். சாப்பிடும்போதுகூட அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறாள்.

நான் போகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அத்தான். ஜெபம்தான் பண்ணினேன். ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் உடம்பு, அங்கே தகரக் கொட்டகை, மழை வேறு, அதே கம்பெனிக்கு நம் ஊரிலேயே ஓர் ஆபீஸ் இருக்கிறது, கான்கிரீட் கூரை, ஃபேன் இருக்கிறது, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், உமக்குச் சித்தமானால் என்று பணிவாகத்தான் முடித்தேன். அடுத்தது மகளின் முறை. தங்குமிடம் தகரமில்லை என்பதை அப்பாவுக்குக் காட்டும் ஆண்டவரே, போட்டோ என் போனில் இருக்கிறது என்று ஆரம்பித்தாள். அவள் ஆமென் சொன்னதும் நான் மறுபடி பிடித்துக்கொண்டேன். இப்படி நாங்கள் மாறி மாறி மன்றாடியதில் அடுப்பில் இருந்தது அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. ஆமென் வராமல் எழுந்திருக்கக் கூடாதே என்று உங்கள் தங்கச்சி இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, உங்கள் வீட்டு பக்தியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேவசித்தம் என்னவென்று தெரிந்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் அல்லவா? அதனால் மறுநாள் ஜெபத்தில் ஓர் அடையாளம் கேட்டேன். கடை மூலையில் ஒரு பழைய மெஷின் கிடக்கிறது. அது நாளைக்குச் சுற்றினால் இவள் போகலாம், சுற்றாவிட்டால் இங்கேயே இருக்கட்டும் என்று ஆண்டவரிடம் ஒப்பந்தம் பண்ணினேன். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அந்த மெஷினின் மோட்டாரைப் போன மாதமே கழற்றி வேறொருவர் மெஷினுக்குப் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் மகள் காதையும் மூடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

காலையில் கடையைத் திறந்து, ஆண்டவரே எதுவானாலும் சரி என்று பெரிய மனதோடு சுவிட்சைப் போட்டேன். மெஷின் சுற்றியது. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே வேறொரு மோட்டார் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. விடியுமுன்னே என் சாவியை எடுத்துக்கொண்டு வந்து பொருத்தியிருக்கிறாள் கள்ளி. சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம். வீட்டுக்குப் போய்க் குதித்தேன். அடையாளத்தில் கை வைக்கலாமா, இது தேவசித்தத்தோடு விளையாடுகிற காரியமில்லையா என்று கத்தினேன். அவள் கோபப்படவேயில்லை.

“நான் மோட்டார் மாட்டினது தப்புதான்பா. நீங்க கழட்டி வச்சிட்டுக் கேட்டீங்களே, அது மட்டும் சித்தமா?”

எந்த மெஷின் முன்னாலும் நான் அப்படி முழித்ததில்லை, அத்தான். அன்று சாயங்காலம் என் முறை வந்தது. சளி, மழை, கூரை என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. உங்கள் தங்கச்சி விலாவில் இடித்த பிறகு ஏதோ வந்தது.

“ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. இவ போயிட்டா வீட்டுல சத்தமே இருக்காது. உமக்கு எது நல்லதுன்னு படுதோ அதைச் செய்யும்.”

அவ்வளவுதான். மகள் அன்று எதிர் ஜெபம் ஏதும் பண்ணவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆக, நீங்கள் சொன்ன பாடம் எனக்கு ஏறிவிட்டது. இனி ஆண்டவருக்கு வேலை ஏவ மாட்டேன். போவதோ இருப்பதோ அவர் பாடு. மனசு லேசாக இருக்கிறது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், தைலத்தை அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் உங்கள் ஸ்கூட்டரையும் காப்பாராக.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துவிட்ட உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பாலத்து வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். இவள் நம் ஊர் ஆபீஸிலேயே உட்கார்ந்து வரைபடங்களைச் சரிபார்க்கலாமாம். கான்கிரீட் கூரை, ஃபேன், சாயங்காலம் வீடு. நான் முதலில் கேட்டது ஒன்று விடாமல் கிடைத்துவிட்டது. அவள் ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இன்றைக்கு ஜெபத்தில் சண்டைகூடப் போடவில்லை, ஸ்தோத்திரம் ஆண்டவரே ஆமென் என்று முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேலே எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள். என் பழைய ஜெபங்களை ரத்து பண்ணச் சொல்லி நீங்களும் உடனே முழங்காலில் நில்லுங்கள். அவள் அந்தப் பாலத்துக்குப் போக வேண்டும், அத்தான். ‘சித்தமானால்’ என்று இந்த ஒரு தடவை மட்டும் சேர்க்காதீர்கள்.