சாம்பல் துணிப் பெட்டி

மேஜையில் இல்லை. அலமாரியில் இல்லை. சோபாவுக்கு அடியிலும் இல்லை. வெர்னர் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றார். 

காணாமல் போனது ஓலுஃப் ராஸ்க் என்ற டிரம்பெட்காரரின் முழு சீடித் தொகுப்பு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் ஜாஸ் கேட்கிறவர்கள் ஏராளம். ஆனால் வெர்னருக்குத் தெரிந்தவரை இந்தப் பழைய பதிப்பை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சாம்பல் நிறத் துணி ஒட்டிய கெட்டிப் பெட்டி. படம் கிடையாது, எழுத்துகூடக் கிடையாது. மூடியைத் தூக்கி விட்டால் சடாரென்று விழாது. உள்ளே இருக்கும் காற்றை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டபடி தானாக இறங்கி உட்காரும். அந்தப் பெருமூச்சைக் கேட்பதற்காகவே அவர் சில மாலைகளில் பெட்டியை எடுப்பார். சீடியைப் போட்டுக் கேட்பதெல்லாம் வேறு விஷயம்.

வெர்னர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப் பேரின் பார்வைக்கு அவர்தான் பொறுப்பு. இசைத்தட்டுப் பெட்டிகள் விஷயத்திலோ ஊர் முழுவதற்கும் பார்வைக் கோளாறு என்பது அவருடைய எண்ணம். தகர டப்பா சனியன், திறப்பதற்குள் நகம் போய்விடும். நெட்டைப் புத்தகம் மாதிரி வருவது எந்த அலமாரியிலும் நிற்காது. பிளாஸ்டிக் உறை தபாலில் வரும்போதே நடுவில் இருக்கும் பல் உடைந்து, ஆட்டினால் கிலுகிலுக்கும். எல்லாவற்றையும்விடக் கேவலம், விசிறி மாதிரி மடங்கி விரிகிற அட்டை. அதிலிருந்து ஒரு தட்டை உருவுவதும் ஈரக் காலிலிருந்து சாக்ஸை உருவுவதும் ஒன்றுதான்.

அந்த அட்டைதான் உசத்தி என்று வாதாட ஒரு மனிதர் இருந்தார். ஹோல்கர். கணக்கு வாத்தியார், ஜாஸ் கிளப்பின் சாவியை வைத்திருப்பவர், முப்பது வருஷ சிநேகிதர். "பெட்டின்னா கல்யாணத்துக்குக் குடுத்த பீரோ மாதிரி இருக்கணுமா? கையில எடுத்தா லேசா இருக்கணும்யா" என்பார். இந்தச் சண்டை இல்லாமல் அவர்கள் ஒரு காபி குடித்ததில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஹோல்கருக்கு ஒரு பாடம் கற்பிக்க வெர்னர் திட்டம் போட்டிருந்தார். கிளப்பில் வருஷா வருஷம் பொட்டல விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு பரிசைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். வெர்னர் இம்முறை அதே ராஸ்க் தொகுப்பின் மலிவான அட்டைப் பதிப்பை வாங்கினார். பளபளவென்று மஞ்சளும் ஊதாவும் அடித்து, சூரியன் உதிக்கிற படம் வேறு. அது ஹோல்கரின் மடியில் போய் விழுந்து, அவர் வீட்டு அலமாரியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் அதைத் துணிப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அவசரத்தில் இரண்டையும் மேஜையிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். சாயங்காலம் வீடு திரும்பினால் துணிப் பெட்டி இல்லை.

மனைவி ரிக்மோரிடம் நேராகக் கேட்டுவிடலாம். அங்கேதான் சிக்கல். செப்டம்பரில் அவர் ரிக்மோர் தலைமேல் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தார், இனி ஒரு பெட்டி இந்த வீட்டுக்குள் வராது என்று. துணிப் பெட்டி வந்ததோ அக்டோபரில், கடைக்கு வந்த கண்ணாடிச் சட்டங்களின் அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு. காணோம் என்று சொன்னால் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே சுற்றி வளைத்தார்.

"பரிசைச் சுத்திட்டியா ரிக்மோர்?"

"சுத்தியாச்சு. நானே கொண்டு வர்றேன். உன் கையில குடுத்தா உள்ள என்னன்னு வழியில போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொல்லிடுவே." ரிக்மோர் சமையலறையில் பிஸ்கட் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் டிரம்பெட் இசை ஓடிக்கொண்டிருந்தது. ராஸ்க். ரேடியோக்காரன்கூடத் தன் புண்ணில் உப்பு தடவுகிறான் என்று வெர்னர் நினைத்தார்.

"இன்னிக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"ஹோல்கர் வந்தான். ட்ரில் மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டுப் போனான்."

"உள்ள வந்தானா?"

"பின்னே வாசல்லயே நிக்க வெச்சு அனுப்புவாங்களா? காபி குடிச்சான்."

"எங்க உக்காந்தான்?"

"நாற்காலியில."

"எந்த நாற்காலி?"

"மேஜைகிட்ட இருக்கறது. ஏன், தேஞ்சு போச்சா?"

"நீ கூடவே இருந்தியா?"

"கொஞ்ச நேரம் கீழ துணி காயப்போடப் போனேன்." ரிக்மோர் மாவுக் கையோடு திரும்பினார். "வெர்னர், நீ என்ன கேக்கறே? நானும் ஹோல்கருமா?"

"சேச்சே."

"ஏன் சேச்சே? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் ரிக்மோர் ஒவ்வொரு தட்டையும் டங்கென்று வைத்தார். வெர்னர் அதைக் கவனிக்கவும் இல்லை. மேஜை, நாற்காலி, துணி காயப்போட்ட நேரம், எல்லாம் கச்சிதமாகப் பொருந்திப் போயிற்று. அட்டைதான் உசத்தி என்று முப்பது வருஷமாக முழங்கியதெல்லாம் நடிப்பு. உள்ளுக்குள் எச்சில் ஊறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மறுநாள் கடையை அடைத்ததும் வெர்னர் ஹோல்கரின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஹோல்கரின் மனைவி மாரென் திறந்தார். அதே நொடியில் ஹோல்கர் படுக்கையறையிலிருந்து வெளியே வந்து, கதவை அவசரமாகச் சாத்தினார்.

"என்னப்பா இந்த நேரத்துல?" என்றார் ஹோல்கர்.

"ட்ரில் மெஷின்ல ஒரு முனை குறையுது" என்றார் வெர்னர். வாயில் வந்தது அதுதான்.

ஹோல்கரின் முகம் சுண்டியது. "எண்ணிப் பாத்தியா?"

"சும்மா கண்ணுல பட்டுது."

"முப்பது வருஷத்துல உன் வீட்டுப் பொருள் ஒண்ணு என்கிட்டேருந்து குறைஞ்சு வந்திருக்கா வெர்னர்?"

கழிவறைக்குப் போக வேண்டும் என்றார் வெர்னர். போகிற வழியில் படுக்கையறைக் கதவு இருந்தது. மனசு கேட்கவில்லை. அவர் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, ஒரு ஜோடி பனிச் சறுக்குக் கட்டைகளையும் பழைய சூட்கேஸையும் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் மாரெனின் குரல் கேட்டது.

"கழிவறை எதிர்ப்பக்கம், வெர்னர். கட்டிலுக்குக் கீழ நாங்க வெச்சுக்கறதில்ல."

வெர்னர் எழுந்தார். முழங்காலில் பஞ்சுத் தூசி. கட்டிலின் மேல் பாதி சுற்றிய ஒரு பரிசுப் பொட்டலம் இருந்தது. மாரென் அதைச் சட்டென்று போர்வையால் மூடினார். புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு என்று வெர்னர் முடிவு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போனார். துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கின் மாடி. ரிக்மோர் முன்னாடியே வந்து, பின்கட்டுச் சமையலறையில் குழிச்சட்டியில் எப்லெஸ்கிவர் என்கிற கிறிஸ்துமஸ் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை நடந்ததை மாரென் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். வெர்னர் உட்கார்ந்ததும் இரண்டு பேர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

மேஜை நடுவில் பொட்டலங்கள் குவிந்திருந்தன. பகடையில் ஆறு விழுந்தவர் குவியலிலிருந்து ஒன்றை எடுக்கலாம். குவியல் தீர்ந்த பிறகுதான் உண்மையான விளையாட்டு. ஒரு கடிகாரத்தை யாருக்கும் தெரியாத நேரத்துக்கு முடுக்கித் துணியால் மூடிவிடுவார்கள். அது அடிக்கும்வரை ஆறு விழுந்தவர் அடுத்தவர் மடியிலிருந்து எதை வேண்டுமானாலும் பிடுங்கலாம். மணி அடிக்கும்போது யாரிடம் எது இருக்கிறதோ அது அவருக்கே சொந்தம். அப்புறம் பேச்சே கிடையாது.

வெர்னருக்கு முதலிலேயே ஆறு விழுந்தது. நட்சத்திரக் காகிதம் சுற்றிய ஒன்றைத் தூக்கினார். தூக்கியதுமே உடம்பு சிலிர்த்தது. அந்தக் கனம். காகிதத்துக்கு அடியில் விரலில் உரசும் அந்தத் துணி. இருட்டில் கொடுத்தாலும் அவர் அடையாளம் சொல்வார்.

திருடியவன் ஏன் அதைப் பரிசாகக் கொண்டுவர வேண்டும்? வெர்னர் ஒரு வாய் சூடான ஒயின் குடித்தார். பளிச்சென்று புரிந்தது. விளையாட்டில் ஜெயித்ததைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. ஹோல்கர் திருட்டுப் பொருளை இங்கே கொண்டுவந்து போட்டு, எல்லோர் கண் எதிரிலும் ஜெயித்து, நியாயமாகத் தன் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளப் போகிறார். கணக்கு வாத்தியார் மூளை.

கடிகாரத்தை முடுக்கினார்கள். பொட்டலத்தை வெர்னர் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அதுதான் தப்பு. அப்படி அணைத்துக்கொண்டால் எவனுக்குத்தான் ஆசை வராது? பொருளாளர் யெப்பெ ஆறு போட்டதும் நேராக வந்து அதைப் பிடுங்கினார். வெர்னர் மறுபடி பிடுங்கினார். யெப்பெ மறுபடியும் வந்தார்.

"அதுல வெறும் சாக்ஸ்தான்யா இருக்கு" என்று வெர்னர் அவர் காதில் சொன்னார்.

"அப்ப நீ எதுக்கு அதுக்கே அலையறே?"

"எனக்குக் கால் குளிருது."

யெப்பெ சத்தம் போட்டுச் சிரித்து, அதை எல்லோருக்கும் சொன்னார். அதற்குப் பிறகு வேறு எந்தப் பொட்டலத்தையும் ஒருவரும் தொடவில்லை. பகடை உருண்டால் அது நட்சத்திரக் காகிதத்துக்குத்தான். ஒரு மூலை கிழிந்தது. வெர்னருக்குத் தன் விலா எலும்பில் குத்தியதுபோல் வலித்தது.

"மூலையைப் பிடிச்சுத் தூக்காதீங்க. அடியில கை குடுங்க" என்று கெஞ்சினார்.

"சாக்ஸுக்கு எதுக்குய்யா மூலை?" என்றார் யெப்பெ.

ஹோல்கருக்கு ஆறு விழுந்தது. அவர் எழுந்து, வெர்னரைப் பார்த்துக்கொண்டே வந்து, பொட்டலத்தை எடுத்துப்போனார். உட்காருவதற்குள் மணி அடித்தது.

"பிரி அதை" என்றார் வெர்னர்.

"வீட்டுல போய்ப் பிரிச்சுக்கறேன். உனக்கென்ன?"

"இப்பவே பிரி. உள்ள இருக்கறது ராஸ்க். துணிப் பெட்டி. வியாழக்கிழமை என் மேஜையிலேருந்து போனது. அன்னிக்கு அந்த மேஜையில உக்காந்து காபி குடிச்ச ஆளு ஒரே ஆளு."

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஹோல்கர் காகிதத்தைக் கிழித்தார். சாம்பல் துணி தெரிந்தது. காகிதத்தை உருவியதில் மூடி கொஞ்சம் மேலே வந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு மெதுவாக இறங்கியது. அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது.

"இது எப்படி இங்க வந்துது?" என்றார் ஹோல்கர். "நான் கொண்டு வந்தது கம்பளிக் குல்லா. அதோ, யெப்பெ மடியில இருக்கு. மாரெனைக் கேளு, வெள்ளிக்கிழமை நாங்க அதைத்தான் சுத்திட்டிருந்தோம்."

"குல்லாவும் நீதான், இதுவும் நீதான்."

வெர்னர் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஹோல்கர் தடுக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மாரென் அழுதார். 

"திருடன்னு சொல்லிட்டே" என்றார் ஹோல்கர். "சரி. அட்டை, துணின்னு எவ்வளவோ சண்டை போட்டோம். அதெல்லாம் விளையாட்டுன்னு நினைச்சேன்." கிளப் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டார்.

வெர்னர் பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். ஜெயித்தாயிற்று. ஆனால் இனி யாரோடு உட்கார்ந்து இதைப் பற்றிச் சண்டை போடுவது? இருந்தாலும் அவர் இளகவில்லை. களவு களவுதான்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. ரிக்மோர் இரண்டு கையிலும் எப்லெஸ்கிவர் தட்டுகளோடு வந்து நின்றார்.

"ஏன் எல்லாரும் இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? ஹோல்கர், சூடா இருக்கு, சாப்பிடாம எங்க கிளம்பிட்டே?" என்றவர், புருஷனின் மடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளக் கையில்லாமல் நின்றார். "வெர்னர், நம்ம பொட்டலத்தை நாமளே எடுக்கறதா? மேஜையில ரெண்டு இருந்துது, சூரியன் படம் போட்ட அழகானதை நான் சமையலறையில கேக்க எடுத்துக்கிட்டேன். பரிசு பாக்கச் சகிக்காம இருக்கும், அதைச் சுத்துன்னு போன்ல நீதானே சொன்னே?"