சுடாத துப்பாக்கிக்கு உரிமம்

துப்பாக்கிப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பத்திரமாகச் சுடுவது எப்படி என்று மக்களுக்குப் பாடம் எடுப்பது அவர் உத்தியோகம். முதலில் வெடிமருந்து, அதன்மேல் நார், பிறகு ஈய ரவை, மறுபடி நார், கடைசியில் குழலின் அடியில் பொறி தட்டக் கேப். கெட்டிக்கும்போது குழலுக்கு நேரே முகம் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். சுட்டதுதான் இல்லை. கதவு படாரென்று சாத்தினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ஆள். தன் துணிச்சலின் அளவு அவருக்கு நன்றாகவே தெரியும், ஊருக்குத்தான் தெரியாது.

ஒருநாள் மேலதிகாரி அவரை எல்லோர் முன்னாலும் சுட்டுக் காட்டச் சொன்னார். வந்திருந்தவர்கள் காட்டுப்பன்றியிடம் பயிரைப் பறிகொடுத்தவர்கள். முன்வரிசையில் அவர் மனைவியே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வள்ளிக்கிழங்கு வயலில் பாதி போய்விட்டது. மீதியாவது மிஞ்ச வேண்டும்.

அதிகாரி பயத்தில் ரவையை முதலில் போட்டு, நாரை வைத்து இடித்து, மருந்தை அதன் தலையில் கொட்டிவிட்டார். மற்றதில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி மாட்டினார், காதை அடைத்தார், குழலை மண்மேட்டுக்கு நேரே பிடித்தார், கண்ணை இறுக மூடி விசையை இழுத்தார். கேப் மட்டும் ‘பொட்’டென்றது. தன் தவறு அவருக்கு உடனே புரிந்தது. சொல்லிவிட வாயைத் திறந்தார்.

"யாருக்காவது காயம் பட்டுச்சா?" என்றார் மேலதிகாரி.

"இல்லீங்க."

"இதுதான்யா பாதுகாப்பு! இனிமே எல்லாரும் இவர் கெட்டிச்ச மாதிரியேதான் கெட்டிக்கணும்."

அன்றே உத்தரவாகிவிட்டது. அதிகாரி பாராட்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரம் பன்றிகள் வந்தன. மனைவி உத்தரவுப்படி கெட்டித்து விசையை இழுத்தாள். பன்றிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. இது சுடுமா, சுடாதா?"

"போட்டதை முறைப்படி வெளியே எடுத்துட்டு, மருந்தை முதல்ல போடு. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே."

மறுநாள் இரவு அவள் சுட்டாள். நிபுணர் கட்டிலுக்கு அடியிலிருந்து மேற்பார்வை செய்தார். பன்றிகள் அலறியடித்துக்கொண்டு அக்கம்பக்கத்து வயல்களில் போய் விழுந்தன. விடிந்ததுமே அக்கம்பக்கத்தார் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள்.

"எங்க துப்பாக்கியெல்லாம் ஒழுங்கா இருக்குதுங்க. இந்தம்மாவோடதுதான் வெடிக்குது."

விசாரணையில் குற்றம் நிரூபணமானது. துப்பாக்கி வெடித்த காரணத்தால் உரிமம் ரத்து. கையெழுத்துப் போட வேண்டியவர் நம் அதிகாரிதான். போட்டார்.

சாயங்காலம் மனைவி காகிதத்தைப் படித்தாள்.

"யார் கையெழுத்து இது?"

"அதிகாரியோடது."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க. பன்னி வந்திருக்கு."

அதிகாரி வயலில் இறங்கித் தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்து வயல்களிலும் கத்தல் கேட்டது. உரிமம் பெற்ற அத்தனை பேரும், முறைப்படி கெட்டித்த துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாயாலேயே சுட்டுக்கொண்டிருந்தார்கள்.