எல்லாம் ஒரே ஸ்பீக்கரில்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. வீட்டில் சத்தம் போடக்கூடிய பொருள் எதுவானாலும், அது தன் சொந்த வாயால் பேசுவதை இவர்களால் பொறுத்துக்கொள்ள முடியாது. டிவியா? அதன் சத்தம் பெரிய ஸ்பீக்கர் வழியாகத்தான் வர வேண்டும். மகள் விளையாடும் வீடியோ கேம் பெட்டியா? அதுவும் அதே ஸ்பீக்கரில். கம்ப்யூட்டர், டிவிடி பிளேயர், கைப்பேசி, ரேடியோ எல்லாம் வரிசையில் நின்று அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அழைப்பு மணியை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று உரக்கக் கேட்டுவிடாதீர்கள். அவர்கள் காதில் விழுந்துவிடப் போகிறது.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். வீட்டுக்குள் நுழைந்தால் முகம் தெரியாது. டிவி மேசைக்குப் பின்னாலிருந்து இரண்டு கால்கள் உங்களை வரவேற்கும். "உட்காருங்க, ஒரு நிமிஷம்" என்று கால்கள் சொல்லும். நீங்கள் காபி குடித்து, குசலம் விசாரித்து, விடைபெற்றுக் கிளம்பும்போதும் அந்த நிமிஷம் முடிந்திருக்காது.

நாம் பார்க்கப்போகிறவர் நில அளவையாளர். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையைக்கூட அடிதடி இல்லாமல் அளந்து முடித்துக் கொடுப்பார் என்று பெயர் எடுத்தவர். வீட்டில் மட்டும் அவர் போட்ட எல்லைகள் யாருக்கும் புரிவதில்லை. முதலில் ஆம்ப்ளிஃபயரைப் போட வேண்டும். நீல விளக்கு வந்த பிறகு டிவி. டிவி கண் விழித்த பிறகு, ஒரு சின்னப் பெட்டியில் பட்டனை அழுத்தி, இப்போது எந்த ஒயரின் முறை என்று சொல்ல வேண்டும். வரிசை மாறினால் செய்தி வாசிப்பவர் வாயசைப்பார், வில்லன் சிரிப்பான். உடனே ஒரு குரல் எழும்: "யாரு கை வெச்சது?"

இத்தனை பாடுபடுகிறவர் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? பல்லவி ஆரம்பிக்கும். தலையைச் சாய்ப்பார். "வருது" என்பார். அணைத்துவிடுவார்.

இந்த வீட்டில்தான் அவருடைய மனைவி வாழ்ந்துகொண்டிருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை அவளுடையது. பல்வலியோடு வருகிறவர்கள்கூட அவள் இரண்டு வார்த்தை பேசினால் சிரித்துவிடுவார்கள். பிறகுதான் வலியை நினைத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவளை வானொலியில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் பேச்சுப் பதிவு செய்துகொண்டார்கள். முதல் முறை.

"எதைப் பத்திப் பேசியிருக்க?" என்று கேட்டார் அவர், ஒயரின் தோலை உரித்தபடி.

"கேளுங்க, தெரியும்."

ஊரே கேட்கட்டும், கேட்காமல் போகட்டும். இந்த ஒரு மனிதர் கேட்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பேச்சை எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரியையும் அவருடைய முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருந்தாள்.

அவரோ தடபுடலாகத் தயாரானார். பீரோவை நகர்த்தினார். புது ஒயர் வாங்கினார். எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் அவரைக் கண்டதும் சம்பந்தியைப் பார்த்தவர்போல் எழுந்து நின்றாராம்.

ஞாயிறு காலை கூடம் நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு வக்கீல், அவர் மனைவி, மாடி வீட்டு நர்ஸ். "அடுத்துப் பேச வருகிறவர்..." என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தார். மறுகணம் ஸ்பீக்கரில் படபடவென்று துப்பாக்கி வெடித்தது. நர்ஸ் சோபாவில் காலைத் தூக்கிக்கொண்டாள்.

"அப்பா, அது என் கேம்!" என்றாள் மகள்.

"யாரு கை வெச்சது?"

"நீங்கதாம்பா!"

பிறகு அமைதி. பயங்கர அமைதி. மனைவி சேலைத் தலைப்பை முறுக்கினாள். போய்விட்டதா? அவ்வளவுதானா? ஆனால் கடவுள் இருக்கிறார், பட்டன் அமர்ந்தது. "வணக்கம்" என்று அவள் குரல் கூடம் முழுவதும் பரவியது.

"எங்க வீட்ல நாங்க மூணு பேர். நான், என் பொண்ணு, ஒரு ஜோடி கால். சாப்பாடு ரெடின்னு சொன்னா அந்தக் கால்ல கட்டை விரல் அசையும். அசைஞ்சா, கேட்டுச்சுன்னு அர்த்தம்..."

வக்கீல் வெடித்துச் சிரித்தார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் அவரைத் தேடினார்கள். அவர் எங்கே? பீரோவுக்குப் பின்னால், இடது ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். பேச்சு முடியும்வரை அங்கேதான். சிரிப்பு எழும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்தது. புது ஒயரின் மகிமை!

முடிந்ததும் வெற்றிவீரராக வெளியே வந்தார். "எப்படி?" என்றார் எல்லோரையும் பார்த்து. மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, "இடது பக்கம் உன் குரல் கொஞ்சம் கம்மியா வந்துது. சரி பண்ணிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். "நான் என்ன பேசினேன்?"

"தெளிவா பேசின."

விருந்தாளிகள் செருப்பைத் தேடினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் செருப்பு சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

சற்று நேரத்தில் மைத்துனன் போன் செய்தான். "மாமா, அக்கா மேல கோவம் இல்லையே?"

"எதுக்குடா?"

"நல்ல மனசு மாமா உங்களுக்கு! ஊரே உங்க காலைப் பத்திப் பேசுது!"

அவர் போனை வைத்தார். காலைக் குனிந்து பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"எல்லார் முன்னாடியும் என்னைப் பத்தியா பேசின? எங்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே?"

"எத்தனையோ தடவை சொல்லிட்டேங்க. வாயால சொன்னா உங்களுக்குக் கேக்கல. அந்த ஸ்பீக்கர்ல வந்தாவது கேக்குதான்னு பார்த்தேன்." சிரிக்கத்தான் நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "அதுலயும் கேக்கல."

அவர் கூடத்துக்குப் போனார். ஆம்ப்ளிஃபயர், டிவி, சின்னப் பெட்டி என்று ஒவ்வொன்றாக அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"திருப்பிச் சொல்லு. முதல்லேருந்து."

அவள் எதிரே வந்து அமர்ந்தாள். "எங்க வீட்ல நாங்க மூணு பேர்..."

"ஒரு நிமிஷம்" என்று கையைத் தூக்கி எழுந்தார். அவள் மனம் பொத்தென்று விழுந்தது. அவ்வளவுதான், மறுபடியும் ஒயர்! ஆனால் அவர் போனது சுவருக்கு. மின்விசிறியை நிறுத்தினார்.

"ஃபேன் சத்தம். உன் குரல் மேல விழுது. இப்ப சொல்லு."

அவள் சொன்னாள். கட்டை விரல் வந்தபோது அவர் உதடு துடித்தது. கல்யாண நாளுக்கு நகை கேட்ட மனைவிக்கு, முனையில் தங்க முலாம் பூசிய ஒயர் வாங்கி வந்து, "தங்கம்தானே கேட்ட?" என்றவர் கதை வந்தபோது, "முலாம் பூசினா துரு பிடிக்கா..." என்று தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. யாரும் எழுந்து மின்விசிறியைப் போடவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நம்ம வீட்ல ஒயரே கிடையாதே" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்களா? சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பக்கத்தைச் சரியாகப் பிரித்து உங்கள் கையில் கொடுத்து, "படிச்சுப் பாருங்க, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கதவோரம் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது யார்?