விசாரணை அண்ணையும் உலக ஆய்விதழ்களும்

உலகத்தில் வெளியாகும் ஆய்விதழ்களையெல்லாம் புங்குடுதீவு மடத்துவெளியைச் சேர்ந்த ஒரு மனிதர் கண்காணித்துக்கொண்டிருந்தார் என்றால் நீங்கள் நம்பப்போவதில்லை. நானும் நம்பியிருக்கமாட்டேன். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் வருடக்கணக்காக உட்கார்ந்து களைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

வேலணையில் உள்ள எங்கள் சின்ன நீர் ஆய்வு நிலையத்தில் அவர் மூத்த ஆய்வு உத்தியோகத்தர். இரசாயனம் படித்தவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘விசாரணை அண்ணை’. முகத்துக்கு நேரே ‘அண்ணை’ மட்டும்.

நான் அங்கே மாற்றலாகி வந்த முதல் நாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன், முன்னால் நிற்கிறார்.

“நீர்தானே கோண்டாவில் ஆள்? உம்மட பெரியப்பா ஒரு காணியை ரெண்டு பேருக்கு வித்தவரெல்லே?”

“அது... வழக்கு முடிஞ்சுது அண்ணை.”

“தெரியும். உம்மில பிழை இல்லை எண்டுதான் கேள்விப்பட்டனான். இரும்.”

அப்படித்தான் எனக்கு அந்த அலுவலகத்தில் இருக்கை கிடைத்தது.

புங்குடுதீவில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு கிடையாது. அண்ணையின் சொந்தபந்தமோ உலக வரைபடத்தில் பாதியை நிரப்பிவிடும். ஆகவே தீவுப்பகுதியில் எவர் வீட்டுப் பெண்ணுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பேசினாலும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். சுவிசில் ‘மனேச்சர்’ என்ற மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறான், யாரோடு இருக்கிறான், கோபம் வந்தால் கோப்பையை உடைப்பானா என்பது வரைக்கும் அண்ணை ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுவார். பல கல்யாணங்கள் அவரால் நின்றன. நின்ற வீட்டுக்காரர்கள் வருடாவருடம் அவருக்கு மாம்பழம் அனுப்பினார்கள்.

இந்த மனிதரோடு சேர்ந்து நானும் சுகந்தியும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியதுதான் என் போதாத காலம்.

சுகந்தி எங்கள் நிலையத்தில் இளைய உத்தியோகத்தர். புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கிணறு கிணறாக ஏறி இறங்கி, போத்தல்களில் தண்ணீர் எடுத்து, வள்ளத்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது அவள்தான். மழைநீர்க் குளங்களைத் தூர்வாரினால் சுற்றியுள்ள கிணறுகளில் உவர்ப்புக் குறைகிறது என்பது எங்கள் முடிவு. கோடையில் பவுசர் வண்டித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நிற்கும் சனத்துக்கு இது சின்ன விஷயமல்ல. சுகந்திக்கும் சின்ன விஷயமல்ல. மேற்படிப்புக்கு ஒரு புலமைப்பரிசில் விண்ணப்பம் திறந்திருந்தது. வெளியான கட்டுரை ஒன்று கையில் இருந்தால்தான் கிட்டப் போகலாம்.

இங்கே வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆய்வு செய்தவர்கள் எழுதி அனுப்புவதை, விஷயம் தெரிந்தவர்களைக் கொண்டு பிழைபிடித்துத் திருத்தி வெளியிடும் சஞ்சிகைக்குத்தான் ஆய்விதழ் என்று பெயர். சிலவற்றை வாசிக்கக் காசு கட்டவேண்டும். சிலவற்றை இணையத்தில் யாரும் இலவசமாக வாசிக்கலாம். அப்படியானவற்றில் பலதுக்குச் செலவை எழுதியவரே கட்டவேண்டிவரும். எழுதியவர் கட்டுவார் என்று தெரிந்ததும், பிழைபிடிக்கிற வேலையை மட்டும் விட்டுவிட்டு, காசு வாங்குகிற வேலையை ஒழுங்காகச் செய்ய ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

அந்தக் கூட்டத்திலிருந்து எங்களுக்கு மின்னஞ்சல் வந்தது. ‘பெருமதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே’ என்று மூன்று பேருக்கும் தனித்தனியாக விளித்திருந்தார்கள். எங்களில் ஒருவரும் பேராசிரியர் இல்லை. உங்கள் புகழ்பெற்ற ஆய்வை ஒரு கிழமைக்குள் வெளியிடுவோம், முகவரி லண்டன் என்று இருந்தது.

எங்கள் பொறுப்பதிகாரிக்குச் சந்தோசம். “ஒரு கிழமையிலை வருதெண்டா வேறை என்ன வேணும்? போட்டுவிடுங்கோ. நானும் ஒண்டு போடப்போறன்” என்றார்.

அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த இதழின் பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார்.

“இஞ்சை பாரும். முதலாவது கட்டுரை பல்லு முரசு வீக்கம். ரெண்டாவது வங்கி முகாமைத்துவம். மூண்டாவது கோழித்தீன். இதுக்குள்ள எங்கட கிணத்தை எங்கை கொண்டுபோய் வெட்டுறது?”

“அண்ணை, எல்லாத் துறையும் போடுவினமாம்” என்றாள் சுகந்தி.

“எல்லாத்தையும் போடுறவன் எதைத் தங்கச்சி வாசிக்கிறவன்?”

அன்று மாலையே லண்டனில் இருக்கும் மருமகனுக்கு அழைப்புப் போனது. மறுநாள் பதில் வந்தது. அண்ணை தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார்.

“மாமா, நீங்கள் தந்த இடத்துக்குப் போனனான். கீழை தலைமயிர் வெட்டுற கடை. மேலை பூட்டிக் கிடக்கு.”

“வெட்டுறவனைக் கேட்டனியோ?”

“கேட்டனான். இப்பிடி அடிக்கடி ஆக்கள் வந்து கேக்கினமாம். தான் ஒரு புத்தகமும் நடத்தேல்லையாம். சும்மா போக வெக்கமாக் கிடந்துது, நானும் வெட்டிக்கொண்டு வந்தனான்.”

லண்டன் முடிந்தது. சுகந்தி வேறொன்றைக் கண்டுபிடித்தாள். அதன் முகவரி ரொறன்ரோ. அண்ணையின் சகலன் கொட்டும் பனியில் காரை எடுத்துக்கொண்டு போனார். அந்த இலக்கத்தில் ஒரு கொத்துரொட்டிக் கடை இருந்ததாம். அரைமணி நேரம் கொத்தின் தரம் பற்றியே பேசினார். ஆட்டிறைச்சிக் கொத்து நல்லம், ஆய்விதழ் பற்றிக் கடைக்காரருக்குத் தெரியாது.

மூன்றாவது இதழுக்கு அலுவலக முகவரியே இல்லை. ஆனால் ஆசிரியர் குழுவில் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. அண்ணை ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் எழுதினார். இரண்டு பேர், தங்கள் பெயர் அங்கே இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்று கோபமாகப் பதில் போட்டார்கள். ஒருவருக்காக அவருடைய மகள் பதில் எழுதியிருந்தாள். அப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்று.

அண்ணை வேலையை நிறுத்திவிட்டார். அந்த மகளுக்கு இரண்டு பக்கத்தில் அனுதாபக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் எத்தனை, அம்மா சுகமாக இருக்கிறாவா என்றெல்லாம் கேட்டு. அந்தக் கிழமை முழுக்கத் தேநீர் குடிக்கும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“பாவம். செத்த மனிசனைக் கூட விடாமல் வேலை வாங்குறாங்கள்.”

விண்ணப்ப முடிவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பொறுப்பதிகாரியின் கட்டுரையை லண்டன்காரர் வெளியிட்டுவிட்டார்கள். வண்ணச் சான்றிதழ் ஒன்றும் அனுப்பினார்கள். அவர் அதைச் சட்டம் போட்டுத் தன் கதிரைக்குப் பின்னால் மாட்டினார். சுகந்தி ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் உள்ளே வரவேண்டும்.

ஒருநாள் மத்தியானம் அவள் வெடித்துவிட்டாள்.

“அண்ணை, நீங்கள் விசாரிச்சு விசாரிச்சு என்ர வயசு போகுது! இது என்ன கலியாணமே? ஒரு கட்டுரை! அவருக்கு வந்திட்டுது. எனக்கு ஏன் வரேலாது? நான் இண்டைக்கே லண்டனுக்கு அனுப்பப்போறன்.”

அண்ணை எழும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நான் பெரிய சண்டைக்குத் தயாரானேன். அவர் குரல் உயரவில்லை.

“அனுப்புறதெண்டா அனுப்பும் தங்கச்சி. வேலை செய்தது நீர். தடுக்க எனக்கு உரிமை இல்லை. என்ர பேரை மட்டும் எடுத்துப்போட்டு அனுப்பும்.”

“ஏன் அண்ணை இப்பிடிச் சொல்லுறியள்?”

“நாளைக்கு ஒரு எஞ்சினியர் வந்து, குளத்தை வெட்டச்சொல்லி ஆர் சொன்னது, எங்கை எழுதியிருக்கு எண்டு கேப்பான். கோழித்தீனுக்கும் பல்லுக்கும் நடுவிலை எழுதியிருக்கு எண்டு காட்டினால், அவன் சிரிச்சுப்போட்டுப் போயிடுவான். பேந்து நாங்கள் திரும்ப எழுதினாலும் நம்பமாட்டான். உம்மட போத்தல் முழுக்க வீண்.”

சுகந்தி எழும்பி வெளியே போனாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“சரி. வேறை எது?” என்றாள். அவ்வளவு களைத்த குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதன்பிறகு அவளே தேடத் தொடங்கினாள். நம்பத்தகுந்த திறந்த இதழ்களைச் சோதித்துச் சேர்த்து வைத்திருக்கும் அட்டவணை இணையத்தில் இருக்கிறது. அதற்குள் புகுந்து, ஒல்லாந்தில் ஒரு சிறிய அறிவியல் சங்கம் நடத்தும் நிலத்தடி நீர் இதழைப் பிடித்தாள். யாரும் இலவசமாக வாசிக்கலாம். கட்டணம் எவ்வளவு என்று ஒளிக்காமல் போட்டிருந்தார்கள். எங்களைப் போன்ற இடங்களிலிருந்து எழுதுகிறவர்கள் கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகவும் இருந்தது. பழைய கட்டுரைகளை மூவரும் வாசித்தோம். நல்ல கட்டுரைகள். நாங்களே எழுதியிருக்கலாம் என்று பொறாமை வரும் கட்டுரைகள்.

அதில் முன்பு எழுதிய மட்டக்களப்பு விரிவுரையாளர் ஒருவரின் இலக்கத்தை அண்ணை தேடியெடுத்தார்.

“எப்பிடித் தம்பி அவையள்?”

“ஐயோ, என்னைக் கேட்காதீங்க. ரெண்டு தரம் முழுக்கத் திருத்தி எழுதவெச்சாங்க. அழுதே போயிட்டேன்.”

அண்ணையின் முகம் மலர்ந்தது. “அழவைச்சவங்களோ? அப்ப நல்ல புத்தகம்.”

இத்தோடு விட்டிருந்தால் மனிதர் விசாரணை அண்ணை இல்லை. இதழின் தொடர்பு முகவரியைப் பார்த்தார். அது ஒரு சின்ன நகரத்தில் ஒரு வீட்டு முகவரி. கண்ணாடியைக் கழற்றினார்.

“வீட்டிலையோ நடத்துகினம்?”

“அண்ணை, வேண்டாம்” என்றேன் நான்.

ஒல்லாந்தில் அவருக்கு மகன்முறையான பெறாமகன் ஒருவன் உணவு விநியோகம் செய்துகொண்டிருந்தான். வேலை உடுப்போடேயே போய் அந்த வீட்டு மணியை அடித்துவிட்டான். கதவைத் திறந்தது நரைத்த தலையோடு ஒரு அம்மா. நான் சாப்பாடு கேட்கவில்லையே என்றாராம். இவன், சாப்பாடு இல்லை, என் பெரியப்பாவுக்கு உங்கள் மேல் சந்தேகம் என்றானாம்.

அடுத்த நிமிடம் அண்ணையின் தொலைபேசியில் காணொளி அழைப்பு. திரையில் அந்த அம்மா. பின்னால் புத்தகங்கள், ஒரு பூனை. அண்ணை அவசரமாகச் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார். இதழின் ஆசிரியர் அந்த அம்மாதான். ஓய்வுபெற்ற பேராசிரியை. சங்கத்துக்குக் கட்டடம் எடுக்க வசதியில்லை, அதனால் கடிதங்கள் தன் வீட்டுக்கு வருகின்றன என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். பிறகு கேள்விகள் கேட்கத் தொடங்கினார். எந்தக் கிணறுகள்? கடலிலிருந்து எவ்வளவு தூரம்? யார் அளந்தது?

அண்ணை தொலைபேசியைச் சுகந்தியின் முன்னால் பிடித்தார். அவள் முதலில் திக்கினாள். பிறகு தன்னை மறந்து கைகளை ஆட்டி ஆட்டிக் குளம் எங்கே, பனங்காணி எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று கதைத்தாள். அங்கே அந்த அம்மாவும் கைகளை ஆட்டினார். பெறாமகன் அவருக்குப் பின்னால் கதிரை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அந்த அம்மா சொன்னார்: “கட்டுரையை அனுப்புங்கள். ஆனால் இப்போது உங்களை எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் நான் அதைப் பார்க்கக்கூடாது. வேறோர் ஆசிரியர் பார்ப்பார்.”

அழைப்பு முடிந்தபின் அண்ணை சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கேட்டீரோ? தெரிஞ்ச ஆக்கள் எண்டவுடனை அவ விலகுறா. எங்கட இடத்திலை தெரிஞ்ச ஆள் எண்டால் வாசிக்காமலே கையெழுத்து விழும். தங்கச்சி, அனுப்பும். இதுதான் இடம்.”

அனுப்பினோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மதிப்பீட்டாளர் இரண்டு பேரும் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். மாரிகாலத்து அளவுகள் போதாது என்றார்கள். சுகந்தி மறுபடி போத்தல்களோடு வள்ளம் ஏறினாள். அந்த வருடப் புலமைப்பரிசில் போயே போய்விட்டது. விண்ணப்பம் மூடிய நாளிலிருந்து அவள் அண்ணையோடு கதைக்கவில்லை. அவர் தினமும் காலையில் “சாப்பிட்டீரோ?” என்று கேட்பார். அவள் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நடுவில் இருந்து இருவருக்கும் தேநீர் கடத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் கட்டுரை வந்தது. முதல் பெயர் சுகந்தியுடையது. அவள் அதை இரண்டு தரம் அச்செடுத்தாள். ஒன்றைத் தன் பைக்குள் வைத்தாள். மற்றதை அண்ணையின் மேசையில் வைத்துவிட்டு, “சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டாள். மனிதர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். நெடுநேரம் துடைத்தார்.

சில மாதங்கள் கழித்து ஓர் இளம் பொறியியலாளர் எங்களைத் தேடி வந்தார். குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்குக் காத்திருந்த நேரத்தில் தொலைபேசியில் எங்கள் கட்டுரையை முழுக்க வாசித்தாராம். காசு கேட்கவில்லை, அதனால் வாசித்தேன் என்றார். கிணறுகளைக் காட்டச் சொன்னார். கடைசியில் ஒரு குளத்தைத் தூர்வாரினார்கள். ஒன்றுதான். அந்தக் குளத்தைச் சுற்றியுள்ளவர்கள் இப்போது வாளியோடு பவுசரைத் தேடி ஓடுவதில்லை. லண்டன் இதழோ ஒருநாள் இணையத்திலிருந்தே காணாமல்போனது. பொறுப்பதிகாரி சான்றிதழை மட்டும் கழற்றவில்லை. நல்ல சட்டம் என்றார்.

சுகந்தி இரண்டாவது முறை விண்ணப்பித்து மேற்படிப்புக்குப் போய்விட்டாள். அண்ணை போன வருடம் ஓய்வுபெற்றார். இப்போது எங்கள் அலுவலகத்தில் எதுவும் தாமதமாவதில்லை. கடிதம் வந்த அன்றே பதில் போகிறது. கட்டுரை எழுதிய கிழமையே அனுப்பிவிடுகிறார்கள். யாரும் யாரையும் எதிர்த்துக் கேட்பதில்லை. மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்து, பக்கத்துக் கதிரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். அந்த மனிதர் இன்னும் கொஞ்சக் காலம் அதில் இருந்திருக்கலாம்.