மலை தெரிகிற பக்கம் மேற்கு

எனக்குத் திசை தெரியும் என்று முப்பத்தைந்து வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். குடும்பத்தையும் நம்ப வைத்திருந்தேன். குற்றம் அங்கேதான்.

போளூர்க்காரிக்குத் திசை ஒரு விஷயமே இல்லை. ஜவ்வாது மலை தெரிகிற பக்கம் மேற்கு, அவ்வளவுதான். செல்போன் மேப்பைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஒரே பரிதாபமாக இருக்கும்.

என் தம்பிக்குத் திருப்பத்தூரில் பெண் அமைந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும் என்று பெண்ணின் அப்பா பத்துத் தடவை போன் செய்துவிட்டார். நாள், நேரம் விஷயத்தில் மனிதர் ரொம்பக் கறார். "மலை மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கினா திருப்பத்தூர். நான் இருக்கேன்ல!" என்று வேனில் முதல் ஆளாக ஏறினேன்.

ஓட்டுநர் ராணிப்பேட்டைக்காரர், மலைக்குப் புதுசு. நான் அவர் பக்கத்து சீட்டில் பின்பக்கம் திரும்பி மண்டி போட்டு உட்கார்ந்து, வழி நெடுக அரட்டை. (ஒரே தம்பிக்கு நிச்சயம், வாய் சும்மா இருக்குமா?) ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் சித்தி ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார். அவரைக் கேலி செய்தபடியே ஜமுனாமரத்தூர் வந்து சேர்ந்தோம்.

டீ குடித்துவிட்டு வெளியே வந்தால், எங்கும் பனி. செல்போனில் சிக்னல் செத்துவிட்டது.

"எந்தப் பக்கம்க்கா?" என்றார் ஓட்டுநர்.

"எதுக்கும் ஒருத்தர கேட்டுக்கலாமேக்கா" என்றான் தம்பி.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பனி கொஞ்சம் விலகியது. அடடா! எதிரே பெரிய மலை முகடு!

"அதோ மலை! அதான் மேற்கு! விடுங்க வண்டிய!" என்று கத்தினேன்.

மலை மேலேயே நின்றுகொண்டு மலை இருக்கிற பக்கம் மேற்கு என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வண்டி ஜோராக இறங்கியது. உள்ளே பாதிப் பேர் தூக்கம். நடுவில் 'போளூர்' என்று ஒரு மைல்கல் வந்தது. "அது எதிர்ல வர்றவங்களுக்கு" என்று ஓட்டுநருக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். பாவம், அவரும் தலையாட்டினார்.

"தோ, இறங்கிட்டோம்! எல்லாரும் தலைய சீவுங்க, பூ வெச்சிக்குங்க!" என்று நான் கூவியபோது, சித்தி ஜன்னலில் இருந்து மெதுவாகத் திரும்பினார்.

"ஏன்டி, இந்தப் புளியமரத்தாண்ட நான் ஏற்கெனவே வாந்தி எடுத்தேனே?"

தம்பி எழுந்து வெளியே எட்டிப் பார்த்தான். "அக்கா, நம்ம வூட்டுக்கே திரும்பிப் போயினு இருக்கோம்" என்றான்.

வண்டியைத் திருப்பி மறுபடி மலை ஏறினோம். இந்த முறை வழி சொன்னது சித்தி. வாந்தி எடுக்கிறவர்கள்தான் சாலையை உண்மையிலேயே பார்க்கிறார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். வாயடிக்கிறவர்களுக்கு ஒரு வளைவும் நினைவில் நிற்பதில்லை.

பெண் வீட்டில் இறங்கியபோது மணி பத்தே முக்கால். வாசலில் பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "இன்னாங்க இது? நல்ல நேரம் போயிடுச்சே! இது சரிப்பட்டு வருமா?"

கல்யாணமே என்னால் நின்றுவிடும் போலிருந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மலை, மேற்கு, மைல்கல், புளியமரம், வாந்தி, ஒன்றையும் விடவில்லை. அவர் முகம் இறுகியபடியே இருந்தது.

திடீரென்று உள் அறையிலிருந்து ஒரு வெடிச்சிரிப்பு. கல்யாணப் பெண்! அடக்க முடியாமல், அலங்காரத்தோடு சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறாள். தம்பி வாயைப் பிளந்து அவளையே பார்த்தான். அவள் அப்பாவுக்கும் உதட்டோரம் சிரிப்பு துடித்தது. பிறகு, "சரி, மொதல்ல சாப்ட்டு வாங்க. பன்னெண்டுக்கு மேல மாத்திக்கலாம்" என்றார். அப்படியே அவர் காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

போன மாதம் தம்பி மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போட்டு, கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தாள் அன்று சிரித்த அந்தப் புண்ணியவதி: "குழந்தையின் அத்தையிடம் யாரும் வழி கேட்க வேண்டாம்."

அதற்கு நேர் கீழே, 'தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும்' என்று போட்டு, என் பெயர்.