திருப்தியடைந்த முதலீட்டாளர்

உளவு பார்க்கப் போகிறவர்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகக் கூடாது. எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தையல் ஒன்று கோணலாக இருந்தாலும் ஷூவைத் திருப்பி அனுப்பிவிடுவேன். (அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.) பக்கத்து மேஜை ஷகீலா ஒருநாள், நாட்றம்பள்ளிப் பக்கம் புதிதாக முளைத்த ஒரு நிறுவனத்தில் பணம் போட்டால் ஒரே வருஷத்தில் இரட்டிப்பாகுமாம் என்றாள். சொந்த வீடு அவளுடைய நெடுநாள் ஆசை. வளையலை அடகு வைத்தாவது போடப்போகிறாளாம்.

"வாணாம் ஷகீலா, டுபாக்கூர் மாதிரி இருக்குது."

"உனுக்கு எல்லாமே கோணலாத்தான் தெரியும்" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

விடுவேனா? இப்படிப்பட்ட முதலீடுகளைக் கண்காணிக்கிற அரசு அலுவலகத்துக்கு இணையத்திலேயே புகார் அனுப்பலாம் என்று கண்டுபிடித்தேன். ஆதாரம் இருந்தால் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். அதைத் திரட்ட, அந்த நிறுவனம் கல்யாண மண்டபத்தில் நடத்திய கூட்டத்துக்கே போனேன். மண்டபம் என்றதும் கை தானாகப் பட்டுப்புடவையை எடுத்துவிட்டது. முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கைப்பைக்குள் செல்போன் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தது.

கோட் போட்டவர் மேடையில் பேசப் பேச, எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். நான் மட்டும் ஒரு சொல் விடாமல் தலையாட்டிக் கேட்டேன்.

"முதல் வரிசை அக்கா! இவ்ளோ ஆர்வமா கேக்கறீங்களே, மேல வாங்க. உங்க பேரு?"

"கோமதி. ஆம்பூரு." (பொய்ப்பேர் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.)

ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். கேமரா மின்னியது. பழக்கதோஷத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டால், ரெக்கார்டிங் முழுக்க, அங்கே கொடுத்த பிஸ்கட்டை நான் மெல்லுகிற சத்தம். வேறு வழியில்லாமல், பிறகு வாட்ஸ்அப்பில் வந்த அவர்களுடைய விளம்பரத்தைப் புகாரோடு இணைத்து அனுப்பினேன். 'இரட்டிப்பு' என்ற கொட்டை எழுத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார்.

"நீங்க பணம் எதுவும் போடலைன்னு எழுதியிருக்கீங்க, இல்லையா மேடம்?"

"ஆமா சார். ஒத்த ரூபா போடல."

"விளம்பரத்துல கீழ ஒரு படம் இருக்கு. 'ஆம்பூர் கோமதி, திருப்தியடைந்த முதலீட்டாளர்'னு போட்டிருக்கு. அது யாரு?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டுப்புடவை. ஹாட்பாக்ஸ். பற்கள்.

உளறிக்கொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் நீண்ட இருமல். (சிரிப்பை இருமலாக மாற்றத் தெரிந்த மனிதர்.) "இதையும் எழுதிக் குடுங்க மேடம். பணமே போடாதவங்க படத்தைப் போட்டு ஆள் சேர்க்கிறாங்கன்னா, அதுவே நல்ல ஆதாரம்."

அப்போதுதான் ஷகீலா நினைவு வந்தது. மேஜையில் ஆளில்லை. "அடகுக்கடைக்குப் போய்ட்டா" என்றார்கள். சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். கைக்குட்டையில் வளையலை முடிந்து, கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வெளம்பரத்துல உன் படத்த நானும் பாத்தேன். எனுக்கு வாணாம்னு சொல்லிட்டு நீ மட்டும் போட்டுக்கினியே, இன்னா தோஸ்து நீ?" கண் கலங்கியிருந்தது.

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் ரெக்கார்டிங்கைப் போட்டேன். கறுக் மொறுக் என்ற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டவள், சட்டென்று சிரித்துவிட்டாள். "பணம் போட்டவ எவளாவது இப்டி நிம்மதியா தின்னுவாளா? வா, போலாம்."

விசாரணை வந்தது, நிறுவனத்தின் போர்டு இறங்கியது. முன்னமே பணம் போட்டவர்கள் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். ஷகீலாவின் வளையல் அவள் கையில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் யார் கல்யாணமானாலும், குரூப் போட்டோவுக்கு நிற்கும்போது என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொல்வார்: "கோமதி, கொஞ்சம் கம்மியா சிரி. யாராவது பணம் போட்டுடப் போறாங்க."